தண்டவாளம் முடியும் ஊரிலிருந்து

திருகோணமலைக்கு அப்பால் ரயில் போகாது. கொழும்பு கோட்டையிலிருந்து ஏறக்குறைய 295 கிலோமீற்றர் ஓடிவரும் பாதை எங்கள் நிலையத்தில்தான் முடிகிறது. வழியில் இருக்கும் ஊர்களில் ரயில் வரும், நிற்கும், போய்விடும். கடைசி ஊருக்கு வந்த ரயில் அங்கேயே தங்குகிறது. எஞ்சினைக் கழற்றுகிறார்கள். அது பக்கத்துப் பாதையால் தனியாகப் போய், பெட்டிகளின் மறுமுனைக்கு வந்து, அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கி முட்டுகிறது. ஒருவர் இடையில் குனிந்து இறங்கிக் கொக்கியை மாட்டுகிறார், பிரேக் குழாயை இணைக்கிறார், வெளியே வந்து கையை அசைக்கிறார். காலையில் வால் பக்கமாக இருந்தது இப்போது தலைப்பக்கம். ரயில் பார்க்கப் பிரியப்படுகிறவனுக்கு இலங்கையில் இதைவிட நல்ல ஊர்கள் சிலவே உண்டு என்று நான் மனதார நம்புகிறேன்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் கோணேஸ்வரத்துக்குப் போகிறார்கள், கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறார்கள், நிலாவெளியில் குளிக்கிறார்கள், புறாத் தீவுக்குப் படகேறுகிறார்கள். போகட்டும், எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் வந்திறங்கிய பாதையைத் திரும்பிப் பார்க்கிறவர் அபூர்வம். ஊரிலேயே இருக்கும் நாங்களும் அந்தப் பாதையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என் மருமகனுக்கு ரயில் பைத்தியம் பிடித்த பிறகுதான் நானும் அதை முறையாகப் படிக்கத் தொடங்கினேன். அக்காவின் மகன் அவன். எஞ்சினின் சத்தத்தை வைத்தே வகையைச் சொல்வான். பாடசாலை விடுமுறையில் அவனைக் கூட்டிக்கொண்டு கடுகண்ணாவையில் உள்ள தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். போகும் வழி முழுக்க ரயிலிலேயே போக வேண்டும், இடையில் பஸ் ஏறக்கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை.

போவதற்கு முன் பாதையின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. அது கோப்பிக்காகப் போட்ட பாதை. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து மாட்டுவண்டியில் கொழும்புக்குக் கோப்பிக்கொட்டை வந்து சேர வாரக்கணக்கில் ஆயிற்று. அந்தத் தாமதத்தைத் தோட்டத்துரைமாரால் பொறுக்க முடியவில்லை. 1867-இல் பாதை கண்டிக்குப் போனது. 1905-இல் வடக்குப் பாதை காங்கேசன்துறையை எட்டியது, 1914-இல் தலைமன்னார் வந்தது, 1924-இல் பதுளை. கிழக்கு மாகாணம் கடைசியாகக் காத்திருந்தது. திருகோணமலைக்கு 1927-இல் ரயில் வந்தது, மட்டக்களப்புக்கு 1928-இல்.

எங்கள் பாதையின் பின்னால் கோப்பியோ தேயிலையோ இல்லை. துறைமுகம் இருக்கிறது. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைக் கையில் வைத்திருந்த பிரித்தானியக் கடற்படை, சீனக்குடாவின் காட்டுக்குள் எரிபொருள் தாங்கிகளைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இன்றும் அந்தப் பெரிய இரும்புத் தாங்கிகள் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது துறைமுகத்தோடு சீனக்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அப்படிப்பட்ட இடத்தின் நடுவே இந்தத் தண்டவாளம் போகிறது. மலைநாட்டுப் பாதையின் அழகைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர். இரண்டாம் உலகப் போரின் தடத்தை ஜன்னல் வழியே காட்டும் எங்கள் பாதையைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

காலை ரயிலில் புறப்பட்டோம். சீனக்குடாவில் மருமகன் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டான். அங்குள்ள மா ஆலையிலிருந்து கோதுமை மா ஏற்றிச் செல்லும் மூடிய சரக்குப் பெட்டிகளைப் பார்க்க வேண்டுமாம். பயணிகள் ரயிலை மட்டும் பார்க்கிறவன் பாதி ரயிலைத்தான் பார்க்கிறான் என்பது என் கருத்து. நாடு முழுவதும் பாணாகவும் பனிஸாகவும் விடியும் மாவின் ஒரு பங்கு இந்தப் பாதையால் போகிறது என்பதை அறிந்தால், அந்தப் பழுப்புப் பெட்டிகளுக்கும் ஒரு மரியாதை வந்துவிடும்.

தம்பலகாமத்தில் வயல்வெளி. ஆதிகோணநாயகர் கோயில் இருக்கும் ஊர். அறுவடைக் காலத்தில் ஜன்னலோரம் அமர்ந்தால் நெல்லின் வாசம் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு கந்தளாய். அதன் பிறகு ஊர்கள் குறைந்து காடு நெருங்குகிறது, அக்போபுர கடந்ததும் கல்லோயாச் சந்தி.

கல்லோயாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பாதையும் எங்கள் பாதையும் பிரிவது இங்கேதான். சுற்றிலும் காடு. எங்கள் தெருவில் புகையிரத சேவையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். முன்பு இரவு அஞ்சல் ரயில் கல்லோயாவில் இரண்டாகப் பிரியும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கொழும்பிலிருந்து ஒன்றாக வந்த பெட்டிகளில் ஒரு பகுதி மட்டக்களப்புக்கு, மறுபகுதி திருகோணமலைக்கு. தூக்கக் கலக்கத்தில் பெட்டி மாறி உட்கார்ந்தவர்கள் விடியும்போது வேறு கடற்கரையில் இருப்பார்களாம். ஒவ்வொரு பெட்டியாகத் தட்டி “திருகோணமலை, திருகோணமலை” என்று கூவிக்கொண்டு போவது அவருடைய வேலைகளில் ஒன்று.

மருமகன் கல்லோயாவுக்காகக் காத்திருந்தது வேறொன்றுக்கு. சாரதியின் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வளையம் மேடையில் நின்றவரின் கைக்குப் போனது. இன்னொரு வளையம் எஞ்சினுக்கு ஏறியது. வளையத்தின் அடியில் ஒரு தோல் பை. பைக்குள் ஒரு வட்டத் தகடு.

“மாமா, அந்தத் தகட்டில் என்ன எழுதியிருக்கும்?”

“அடுத்த இரண்டு நிலையங்களின் பெயர்.”

“அது இல்லாவிட்டால்?”

“ரயில் அசையாது, தம்பி.”

இதைப் பாதைச்சீட்டு என்றும் சிலர் எழுதுகிறார்கள், நிலையங்களில் எல்லோரும் டேப்லட் என்றுதான் சொல்கிறார்கள். 1874-இல் இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னும் இடத்தில், ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் இரவில் மோதிக்கொண்டன. தந்தி வழியே கொடுத்த அனுமதியில் ஏற்பட்ட குழப்பம் காரணம். இரண்டு ரயில்களுக்கும் ஒரே நேரத்தில் வழி கிடைத்துவிட்டது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் எட்வர்ட் டயர் என்பவர் 1878-இல் இந்தக் கருவியை உருவாக்கினார். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒரு சோடிக் கருவிகள் இருக்கும். இரண்டையும் மின்கம்பி இணைக்கும். ஒரு நிலையத்தார் மணியடித்துக் கேட்க வேண்டும், மற்ற நிலையத்தார் சம்மதம் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு தகடு வெளியே வரும். அந்தத் தகடு மறுமுனையில் உள்ள கருவிக்குள் போடப்படும்வரை, அல்லது எடுத்த கருவிக்கே திரும்பும்வரை, இரண்டு கருவிகளும் பூட்டிக்கிடக்கும். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இரண்டாவது தகடு வராது. தகடு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாதை.

எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது மிகப்பெரிய மதிப்பு. இதில் கணினி இல்லை, திரை இல்லை. ஆனால் நம்பிக்கை ஒரு பொருளாகக் கைக்குக் கை மாறுகிறது. நிற்காமல் போகும் ரயிலுக்கு வளையத்தை உயர்த்திப் பிடிப்பது எளிதான வேலை அல்ல என்று ஐயா சொல்வார். இரவில், மழையில், ஒரு கையில் விளக்கும் மறுகையில் வளையமுமாக மேடையின் விளிம்பில் நிற்க வேண்டும். எஞ்சினின் காற்று ஆளைத் தள்ளும். சாரதியின் உதவியாளர் தன் முழங்கையை வளையத்துக்குள் நுழைத்து எடுத்துக்கொள்வார். “தோளில் அடிபடாத ஆள் எங்களில் கிடையாது” என்று தன் வலது தோளைத் தடவிக் காட்டுவார்.

இந்தப் பகுதியில் காடு என்றால் யானை. 2025 பெப்ரவரி 20 அன்று, ஹபரணைப் பகுதியில் மட்டக்களப்புப் பாதையில் பயணிகள் ரயில் ஒன்று யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன. ரயில் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் இதைப் பேசாமல் கடந்துபோகக் கூடாது. கல்லோயாவைச் சுற்றி ரயில் மெதுவாக ஊரும்போது பெட்டிக்குள் சலிப்புக் குரல்கள் கேட்கும். அரை மணி நேரம் தாமதமானால் ஆகட்டும். யானை அந்தக் காட்டில் நடக்கத் தொடங்கியது 1927-இல் அல்ல.

ஹபரணை, கெக்கிராவை, மாகோ. மாகோவில் யாழ்ப்பாணப் பாதை வந்து சேர்ந்துகொள்கிறது. குருநாகல் தாண்டி, பொல்காவலையில் இறங்கினோம். கச்சான் விற்றவர், இறால் வடை விற்றவர், இருவருக்கும் எங்கள் பயணத்தில் நல்ல பங்கு உண்டு.

பொல்காவலை ரயில் பார்க்கிறவர்களின் திருத்தலம். வடக்கும் கிழக்கும் ஒரு பக்கம், மலைநாடு மறுபக்கம், கொழும்பு இன்னொரு பக்கம். கண்டி ரயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் மேடையின் கோடியில் ஒரு பலகை இருக்கையில் உட்கார்ந்துவிட்டோம். இந்தியாவின் வாரணாசியில் செய்த எஞ்சின் ஒன்று போனது. சென்னை பெரம்பூரில் செய்த பெட்டித்தொடர் ஒன்று வந்தது. சீனாவில் செய்த நீல நிறத் தொடர் ஒன்றும் கடந்தது. பிறகு, மருமகனின் நல்ல காலம், ஒரு எம் 2 வந்தது.

எம் 2 வகை எஞ்சின்கள் கனடாவில் செய்யப்பட்டவை. பொதுநலவாய நாடுகள் தொடங்கிய உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் இலங்கைக்கு வந்தன. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான் என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய எஞ்சின்கள் அவை. எழுபது ஆண்டுகள் ஆகியும் சில இன்னும் வேலை செய்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் கடல்கோள் விழுங்கிய ரயிலை இழுத்துச் சென்றதும் இந்த வகையில் ஒன்றுதான், மனிடோபா என்ற 591. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பெட்டிகளில் மாண்டார்கள். புரண்டு கிடந்த எஞ்சினை மீட்டு, திருத்தி, மீண்டும் ஓடவிட்டார்கள். சுனாமியில் எங்கள் திருகோணமலைக் கரையும் தன் மனிதர்களைப் பறிகொடுத்திருக்கிறது. அதனால் அந்த எஞ்சினின் பெயரைக் கேட்டாலே எனக்குள் ஏதோ இறுகும். மருமகன் பிறப்பதற்கு முந்திய கதை அது. அவனுக்கு அங்கேயே, அந்த இருக்கையில் வைத்தே சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் எதுவும் கேட்கவில்லை.

றம்புக்கணையிலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. 45 அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவு. தண்டவாளத்துக்கு இது கடுமையான ஏற்றம். முன்பெல்லாம் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கட்டித் தள்ளித்தான் ஏற்றுவார்கள். சுரங்கங்களும் பாறை விளிம்புகளும் ஒரு பக்கம், பள்ளத்தாக்கும் பைபிள் பாறையும் மறுபக்கம். பாறையைக் குடைந்து இந்தப் பாதையைப் போட்ட உழைப்பில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. காய்ச்சலிலும் பேதியிலும் அங்கேயே மடிந்தவர்கள் பலர். கடுகண்ணாவையில் கப்டன் டோசனுக்குக் கோபுரம் இருக்கிறது, கண்டி வீதியைப் போட்ட பொறியியலாளர் அவர். மண் சுமந்தவர்களுக்குப் பாதைதான் கோபுரம்.

அன்றிரவு கண்டியில் என் மாமியின் மகன் வீட்டில் தங்கி, காலையில் கீழிறங்கும் ரயிலில் கடுகண்ணாவைக்குத் திரும்பினோம். அருங்காட்சியகம் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. முதலில் கொழும்பு மருதானையில், பழைய கொழும்பு டேர்மினஸ் கட்டடத்தில் 2009-இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் தொடர்ச்சி இது. புகையிரத சேவையின் 150-ஆவது ஆண்டு நிறைவில், 2014 டிசம்பர் 27 அன்று இங்கே திறந்தார்கள். பக்கத்துப் பாதையில் உண்மையான ரயில்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஓய்வுபெற்றவை நிற்கின்றன. அந்த இடத்தெரிவு மிகச் சரியானது. எஞ்சினின் சத்தம் கேட்காத ஊரில் ரயில் அருங்காட்சியகம் வைப்பதில் அர்த்தமில்லை.

நீராவி எஞ்சினின் அருகே நின்றால்தான் அதன் அளவு புரிகிறது. சக்கரத்தையும் அதை உந்தும் இரும்புக் கையையும் தொட்டுப் பார்த்தோம். களனிப் பள்ளத்தாக்கில் ஓடிய குறுகிய பாதைக்கான வண்டிகளும் உண்டு. அந்தப் பாதையின் அகலம் இரண்டரை அடி, நம் வழக்கமான பாதையில் பாதிகூட இல்லை. நம்முடையது ஐந்தரை அடி, இந்தியாவின் அகலப் பாதையும் அதே அளவுதான்.

உள்ளே சிறு பொருள்களின் பகுதியில்தான் எங்கள் நேரம் போனது. கண்ணாடி மாற்றி நிறம் காட்டும் மண்ணெண்ணெய் விளக்குகள், நிலைய மணிகள், சுவர்க் கடிகாரங்கள், தந்திக் கருவிகள். விரல் நீளம்கூட இல்லாத தடித்த அட்டை டிக்கெட்டுகள், அவற்றில் திகதி குத்தும் இரும்புக் கருவி. அந்தக் கருவியின் ‘டக்’ என்ற ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்பா என்னிடம் டிக்கெட்டைக் கொடுத்து வைத்திருக்கச் சொல்வார். இறங்கும் வரை உள்ளங்கையில் பிடித்து வியர்வையில் அட்டை மெத்தென்று ஆகிவிடும்.

அதற்கடுத்து டேப்லட் கருவி. மருமகன் முன்னால் போய் நின்று, திரும்பி, கொஞ்சம் உரத்த குரலிலேயே சொன்னான்:

“மாமா, இதை ஏன் இங்கே வைத்திருக்கிறார்கள்? இது கல்லோயாவில் வேலை செய்கிறதே!”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கேட்டது எனக்குள் இன்னும் ஒலிக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

தென்பகுதிப் பாதைகளில் நிற விளக்குச் சமிக்ஞைகள் எப்போதோ வந்துவிட்டன. போருக்குப் பின் புதிதாகப் போட்ட வடக்குப் பாதையிலும் நவீன ஏற்பாடு வந்துவிட்டது. கிழக்கில் இன்னும் வளையம் கைமாறுகிறது, கைகாட்டி இறங்குகிறது, நிலைய அதிபர் மணியடித்து அடுத்த நிலையத்தைக் கேட்கிறார். இவை ஒரு நாள் மாறும். மாற வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். மழையில் மேடை விளிம்பில் நின்று ஒருவர் தோளில் அடி வாங்க வேண்டும் என்று ஆசைப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனால் மாறுகிற நாளில் அந்தக் கருவி மட்டும் ஒரு கண்ணாடிக்குள் போய்ச் சேரும். எந்த மணிக்கு என்ன பொருள், எந்த நிலைய அதிபரின் விரல் எப்படி அடிக்கும் என்பதைக் கேட்டே ஆளை அறிந்தவர்கள், இரவு ரயிலைப் பிரிக்கும் முறை, போர்க்காலத்தில் எந்தப் பகுதியை எப்படிக் கடந்தார்கள் என்பது, இவையெல்லாம் மனிதர்களிடம் இருக்கின்றன. அவர்கள் எங்கள் தெருக்களில் வாழ்கிறார்கள். தமிழிலும் சிங்களத்திலும் பேசுகிறார்கள். கேட்டால் சொல்கிறார்கள்.

திருகோணமலை நிலையத்தில் ஓர் அறை போதும். 1927 முதல் இந்தப் பாதையின் படங்கள், ஒரு சோடி டேப்லட் கருவி, மணி அடித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு அனுமதி, ஓய்வுபெற்றவர்களின் குரல் பதிவுகள். கடலுக்கு வருகிறவர்கள் ரயில் ஏறும் முன் அரை மணி நேரம் அங்கே நிற்பார்கள். கடற்படைக்கும் ஆலயத்துக்கும் வரலாறு எழுதிய ஊர், தன்னை நாட்டோடு இணைத்த இரும்புப் பாதைக்கும் எழுத வேண்டும். அறை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வந்ததிலிருந்து மருமகன் மாலையில் ஐயா வீட்டுக்குப் போகிறான். நான் தொலைபேசியில் குரலைப் பதிகிறேன், அவன் கேள்வி கேட்கிறான். நான் கேட்டிருக்கவே மாட்டாத கேள்விகள்: “மழையில் பை நனைந்தால் தகடு வழுக்குமா?” “வளையம் கீழே விழுந்தால் ரயில் நிற்குமா?” நிற்கும், இறங்கித் தேடி எடுத்தே ஆக வேண்டும் என்றார் ஐயா. ஒரு தடவை கந்தளாய்ப் பக்கம் பற்றைக்குள் விழுந்த வளையத்தைப் பயணிகளும் இறங்கி விளக்குப் பிடித்துத் தேடிய கதை அதிலிருந்துதான் வெளியே வந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். திருகோணமலையிலிருந்து கொழும்பு ரயிலில் ஏறிப் பொல்காவலையில் இறங்கி, கண்டிப் பக்கம் போகும் ரயிலில் மாறுங்கள். ஏற்றத்தில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கடுகண்ணாவையில் எல்லா ரயிலும் நிற்காது, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தண்டவாளத்தில் நடக்கவிட வேண்டாம், கதவில் தொங்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். கல்லோயாவில் மட்டும் தூங்கிவிடாதீர்கள். எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் இடம் பிடித்தால் வளையம் கைமாறுவது நன்றாகத் தெரியும்.